நிறமில்லாததெல்லாம் தண்ணீர்

என் மனைவி கோகிலவாணி மூன்று வாரமாக நீச்சல் குளத்தில் இருக்கிறாள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் இறங்கினாள். நான்காவது சுற்றில் இருந்தபோது, தண்ணீர் சோதிக்கும் கடையிலிருந்து சீட்டு வந்தது. குளோரின் ஜீரோ என்று அச்சடித்திருந்தது. சீட்டில் ஜீரோ இருந்தால் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. யாரும் ஏறவும் கூடாது. எங்கள் குடியிருப்பின் விதி அது. ஏணிக்குப் பக்கத்தில் தகரப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

அவள் தலையை மட்டும் நீட்டினாள்.

"எத்தன நாளைக்குங்?"

"ஜீரோ ரெண்டாகோணும். அது வரைக்கும்."

"சரி. அடுப்புல பருப்பு கெடக்குது. போயி நிறுத்துங்."

நான் மேலே போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தேன். அதற்குள் முதல் வாரம் முடிந்திருந்தது.

நான் திருப்பூரில் ஒரு சாயப் பட்டறையில் ஷேடு பார்க்கிறேன். பதினெட்டு வருடமாக இதே வேலை. வாங்குகிறவர் அனுப்பிய துண்டுத் துணியையும் நாங்கள் சாயமேற்றிய துணியையும் வெளிச்சப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். பார்ப்பேன். சரி என்பேன், அல்லது திரும்பப் போடு என்பேன். அதற்கு மேல் பேச்சு தேவைப்படாத வேலை. எல்லோரும் என்னை மாஸ்டர் என்கிறார்கள்.

சாயம் நிற்பதற்கு ஐந்து தரம் உண்டு. ஐந்து என்றால் சாயம் போகவில்லை. ஒன்று என்றால் போய்விட்டது. நான் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தபோது அவளுடைய மெரூன் சுடிதார் மூன்றில் இருந்தது. தலைமுடி நான்கு. கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு இரண்டரை.

அவளிடம் சொல்லவில்லை. தூக்குப் போசியைக் குளத்தின் விளிம்பில் வைத்தேன். தோள் வரை தண்ணீரில் நின்றபடி சாப்பிட்டாள்.

"கை கழுவுனீங்களா?" என்றாள்.

வீட்டில் தினமும் கேட்கிற கேள்வி. என் விரல்களில் எப்போதும் ஏதாவது சாயம் இருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால்தான் சோற்றில் கை வைக்க விடுவாள். இருபத்தோரு வருடமாக அப்படி.

"கழுவினேன்," என்றேன்.

*

கடை அவிநாசி சாலையில் இருக்கிறது. நீச்சல் குளத்துக்கு வேண்டிய பவுடர், வலை, தூரிகை எல்லாம் விற்கிறார்கள். தண்ணீரைச் சோதித்துச் சீட்டும் தருகிறார்கள். நான் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலில் குளத்துத் தண்ணீரை மொண்டுகொண்டு தினமும் காலையில் போனேன்.

முதல் நாள் வாசலிலிருந்து மேசைக்கு மூன்று எட்டு வைத்தேன். வாரக் கடைசியில் எண்பது எட்டு வைக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், வாடிக்கையாளர்கள் இளைப்பாறுவதற்கு. நான் உட்காரவில்லை.

கடைக்காரர் சென்னியப்பன் மரியாதையான மனிதர். எழுந்து நின்று இரண்டு கையாலும் பாட்டிலை வாங்குவார்.

"வாங் மாஸ்டர். வீட்ல எல்லாம் சௌக்கியங்களா?"

"குளத்துல இருக்கறாங்."

"நல்லதுங். வெயிலுக்கு எதமா இருக்கும்."

பாட்டிலிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் ஊற்றுவார். அதில் ஐந்து சொட்டு மருந்து விடுவார். குழாயை மேசைக்குக் கீழே கொண்டுபோய்க் குலுக்குவார். வாய்க்குள் முப்பது வரை எண்ணுவார். பிறகு மேலே எடுத்து ஜன்னலில் மாட்டியிருந்த அட்டையோடு ஒப்பிடுவார். அட்டையில் ஆறு கட்டங்கள். எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். குழாய் ஒவ்வொரு நாளும் வெறும் தண்ணீராகத்தான் மேலே வந்தது.

"ஜீரோங்," என்பார். குரலில் வருத்தம் இருக்கும். "ஒரு வாளி பவுடர் போடுங்."

"நேத்தும் ஒரு வாளி போட்டனுங்."

"அத தண்ணி தின்னுருச்சுங்."

"வாசம் கண்ணக் கரிக்குதுங். பக்கத்துல நிக்க முடியல."

"அது பசிங் மாஸ்டர். கொழந்தைக்குப் பசிச்சா அழுவுது. தண்ணிக்குப் பசிச்சா நாறுது. நாளைக்கு ரெண்டு வாளியாப் போடுங்."

நான் சீட்டை வாங்கிக்கொண்டேன். அச்சடித்த எண்ணை நான் எதிர்த்துப் பேசுவதில்லை. வாங்குகிறவர் எழுதி அனுப்பிய எண்ணை நம்பித்தான் என் பட்டறை ஓடுகிறது. எண் தவறாக இருக்கக்கூடும் என்ற நினைப்பு, சட்டைப் பையில் ஓட்டை இருக்கக்கூடும் என்ற நினைப்பைப் போன்றது. வந்துவிட்டால் நடக்க முடியாது.

நானே வாளியைத் தூக்கிவந்து ஆழமான பக்கத்தில் கொட்டினேன். அவள் ஆழமில்லாத பக்கத்துக்கு நீந்திப் போய்விடுவாள். வெள்ளையான புகை மாதிரி தண்ணீருக்குள் பவுடர் இறங்கும். அது அவள் இருக்கும் பக்கம் போகும் வரை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"ஏனுங், நாளைக்காச்சும் ரெண்டு வந்துருமா?" என்பாள்.

"வரும்."

சுடிதார் இரண்டு. தலைமுடி இரண்டரை. உதடு எந்தத் தரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உதட்டுக்கு என்னிடம் மாதிரித் துண்டு இல்லை.

*

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அர்த்தநாரி போன வாரம் மோட்டார் ஆனார்.

இது யாருக்கும் வியப்பாக இல்லை. கூட்டங்களில் அவர் எப்போதும் ஒரே சுருதியில்தான் பேசுவார். குளத்துக்குப் பின்னால் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏதோ சரிபார்க்கப் போனார். பிறகு அவருடைய குரல் அங்கிருந்துதான் வந்தது. அவர் மனைவி காலையில் வந்து எண்ணெய் விட்டுவிட்டுப் போகிறார்.

இரண்டாம் வாரக் கடைசியில் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபில்டர் ஓடும். குளத்தில் உள்ள தண்ணீர் எல்லாம் மணலுக்குள் போய்த் திரும்பி வரும். நிறமில்லாததெல்லாம் தண்ணீர். இப்படிக்கு, செயலாளர்.

நான் மோட்டார் அறைக்குப் போனேன்.

"வணக்கமுங். வீட்டுக்காரி குளத்துல இருக்கறாங்."

"தெரியுமுங் மாஸ்டர்," என்றது மோட்டார். "நெறம் இருக்குதுங்களா?"

"இப்போதைக்குக் கொஞ்சம் இருக்குதுங்."

"இருந்தா மேல நிப்பாங்க. இல்லீன்னா மணலுக்குள்ள போவாங்க. நம்ம கையில என்ன இருக்குதுங்?"

"தண்ணியப் பாதி எறக்கி விட்டுட்டா என்னங்? புதுத் தண்ணி விட்டா சீட்டு மாறலாமே."

 மோட்டாருக்குள் ஏதோ சூடாவது கேட்டது.

"ஒரு சொட்டு வெளிய போகக் கூடாதுங் மாஸ்டர். நீங்க பட்டறைல இருக்கறவரு. உங்களுக்கு நான் சொல்லோணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சாயப் பட்டறைகளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும் சுத்தம் செய்து திரும்பவும் பட்டறைக்குள்ளேயே விட வேண்டும். அந்தப் பழக்கம் ஊரில் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. எங்கள் குடியிருப்பில் அழுகிறவர்கள்கூடக் கண்ணீரை ஏனத்தில் பிடித்துக்கொண்டுதான் அழுகிறார்கள்.

குளத்துக்கு வந்து அவளிடம் அறிவிப்பைப் படித்துக் காட்டினேன்.

"மணலுக்குள்ள போனா திரும்பி வருவனுங்களா?"

"வருவே."

"நானாவா?"

 தண்ணீரின் மேல் ஒரு வேப்பிலை கிடந்தது. அது வெள்ளையாக இருந்தது.

நீண்ட நேரம் அப்படியே இருந்தோம். எங்களுக்குள் இது புதிதல்ல. நான் சாப்பிடும்போதும் படிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் பேசாமல் இருப்பேன். முதல் வருடம் அவள் பயந்தாள். பிறகு அவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள்.

"கேளு."

"நீங்க இப்பிடி வாயத் தொறக்காம இருக்கீங்களே. அது உள்ள ஒண்ணுமில்லாததுனாலயா, இல்ல எச்சாக் கெடக்கறதுனாலயா? இருவத்தோரு வருசமா வெளிய இருந்து பாத்துட்டு இருக்கறேன். எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுது."

நான் அவளைப் பார்த்தேன். கண்ணின் கருப்பு மூன்றுக்கு வந்திருந்தது.

"என்னுங் அப்பிடிப் பாக்கறீங்க?"

"பாட்டில் எங்கே?" என்றேன்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வாசலிலிருந்து மேசைக்கு நான்கு நிமிடம் ஆனது. வழியில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மடியில் இருந்த பாட்டிலில் பாசி பிடித்திருந்தது.

சென்னியப்பன் எழுந்து நின்றார். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கினார். குழாயில் ஊற்றினார். ஐந்து சொட்டு விட்டார். மேசைக்குக் கீழே கொண்டுபோனார்.

நான் மேசையின் மேல் படுத்தேன். தலையை அந்தப் பக்கம் தொங்கவிட்டுப் பார்த்தேன்.

முதல் குலுக்கலிலேயே குழாய் சிவந்தது. செம்பருத்தி மாதிரியான சிவப்பு. கண் இமைக்கும் நேரம் இருந்தது. பிறகு வெளுத்தது. அவர் முப்பது எண்ணி முடிப்பதற்குள் வெறும் தண்ணீர் ஆகிவிட்டது.

அந்த வெளுப்பை எனக்குத் தெரியும். சலவைத் தொட்டியில் விழுந்த சிவப்பு நூல் அப்படித்தான் வெளுக்கும். குழாய் வெளுத்தது குளோரின் இல்லாததால் அல்ல. இருந்த குளோரின் மருந்தின் நிறத்தையே தின்றுவிட்டது. இத்தனை நாளாக நான் வாளி வாளியாகக் கொட்டியிருந்தேன். நான் ஷேடு மாஸ்டர். குழாயை ஒரு முறைகூட நான் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தேன்.

"ஜீரோங்," என்றார் சென்னியப்பன்.

"செவந்துச்சுங். நான் பாத்தேன். செவந்து வெளுத்துச்சு."

"மாஸ்டர், மேசை மேல படுக்கக் கூடாதுங்."

"குளோரின் எச்சாப் போயிருச்சுங். எச்சா இருந்தாலும் வெள்ளையாத்தான் தெரியும். பாதிக்குப் பாதி நல்ல தண்ணி கலந்து பாருங்."

அவர் முகத்தில் வருத்தம் வந்தது.

"நல்ல தண்ணி கலந்தா அது நல்ல தண்ணியாப் போயிருமுங்களே. அப்பறம் உங்க தண்ணிய நான் எப்பிடிப் பாக்கறது?"

"என்ற சம்சாரம் வெளுத்துட்டு இருக்கறாங்."

"வெளுப்பு நல்லதுங். சுத்தம்."

அவர் மூன்று வாளிக்குச் சீட்டு அடித்தார். நான் ஜன்னல் பக்கம் போனேன். அட்டையை அப்போதுதான் முதல் முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். ஆறு கட்டங்களும் வெள்ளையாக இருந்தன. பல வருட வெயில். வெளுத்த குழாயைக் காட்டினால் அதில் ஜீரோதான் வரும். குழாய் நிறத்தோடு வந்தால் அதற்குக் கட்டமே இல்லை.

மாதிரி இல்லாமல் ஷேடு பார்க்க முடியாது. எனக்கு மாதிரி வேண்டும். இரண்டு என்பது என்ன சிவப்பு?

அட்டையைக் குண்டூசிகளால் குத்தியிருந்தார்கள். இரண்டு என்று எழுதிய கட்டத்தில் ஒரு குண்டூசி. பழைய துணியில் தையலைப் பிரித்தால் உள்ளே முதல் நாள் நிறம் இருக்கும். நான் குண்டூசியைப் பிடுங்கினேன். அதன் தலைக்கு அடியில், கடுகளவு, வெயில் படாத நிறம் இருந்தது. மாதுளை முத்தின் நுனியில் இருக்கும் வெளிர்சிவப்பு.

பத்து மூச்சு வரை அதைப் பார்த்தேன். பிறகு ஊசியைத் திரும்பக் குத்தினேன். பார்த்த நிறம் எனக்கு மறக்காது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

"அந்தச் சொட்டு மருந்துல ஒரு பாட்டில் தருவீங்களா?"

"தாராளமாங். ஆனா நீங்க பாத்தாச் செல்லாது. சீட்டு இங்கதான்."

*

சலவைப் பட்டறையில் துணியை வெளுத்த பிறகு ஹைப்போ போடுவார்கள். உப்பு மாதிரி இருக்கும். துணியில் மிச்சமிருக்கும் குளோரினை அது கொன்றுவிடும். போடாவிட்டால் துணி தானாக இற்றுப்போகும். எங்கள் ஊரில் இது பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குளத்தின் விளிம்பில் நின்றபோது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

புதன்கிழமை இரண்டு சாக்கு ஹைப்போ கொண்டுவந்தேன். கொஞ்சம் போட்டேன். குழாயில் மொண்டு ஐந்து சொட்டு விட்டேன். சிவந்து வெளுத்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன். சிவந்தது. எட்டு வரை எண்ணிய பிறகு வெளுத்தது.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருந்தது. கூடிவிட்டால் குளோரின் மொத்தமும் செத்துவிடும். அப்போது குழாய் சிவக்கவே செய்யாது. அதுவும் வெள்ளைதான். ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் நடுவில் எங்கோ அந்தக் கடுகளவு நிறம் இருந்தது.

"என்னுங் அது, உப்பா?" என்றாள். "ஊறுகாய் போடறீங்களா என்னைய?"

அவள் குரலை வைத்துத்தான் அவள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். சுடிதார் ஒன்றரை. முடி ஒன்றரை. முகத்தின் வழியாகக் குளத்தின் ஓடு தெரிந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்க, அம்மிணி."

"பொறுத்துட்டுத்தான இருக்கறேன். எனக்கு நகம் தெரியலீங். கடிச்சுப் பாத்தேன், இருக்குது."

வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குக் குழாய் சிவந்தது. முப்பது எண்ணினேன். அறுபது எண்ணினேன். வெளுக்கவில்லை. குண்டூசிக்கு அடியில் பார்த்த நிறம். ஒரு இழை கூடவில்லை, ஒரு இழை குறையவில்லை. பட்டறையாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

தண்ணீரைப் பார்த்தேன். நீலமான ஓடு. ஓட்டின் மேல் வெயிலின் வலை. வேறு எதுவும் இல்லை.

"வாணி," என்றேன்.

"இங்கதானுங் இருக்கறேன்."

வெளுத்தது வெளுத்ததுதான். ஹைப்போ நிறத்தைத் திருப்பித் தராது. அது மேற்கொண்டு போகாமல் நிறுத்தும், அவ்வளவுதான். தரம் ஒன்று.

*

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். ஒரு ஏனத்தில் நேவி நீலம் கலக்கினேன். வழக்கமாகக் கோலால் கலக்குவேன். அன்று கையால் கலக்கினேன். கை கழுவவில்லை.

ஏழு மணிக்குக் கடைக்குள் நுழைந்தேன். மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டரை.

"வாங் மாஸ்டர். கையில என்னங்?"

"வேலைங்."

குழாயில் ஊற்றினார். ஐந்து சொட்டு. மேசைக்குக் கீழே. முப்பது எண்ணினார். மேலே எடுத்தார். குழாய் மாதுளை நிறத்தில் இருந்தது.

சென்னியப்பன் அதை நீண்ட நேரம் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் ஆறு வெள்ளைக் கட்டங்களோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

"இந்த நெறத்துக்கு எங்கிட்டக் கட்டமே இல்லீங் மாஸ்டர்."

"அதுதானுங் ரெண்டு. அந்தக் குண்டூசியப் பிடுங்கிப் பாருங்."

"குண்டூசியப் பிடுங்குனா அட்டை விழுந்துருங்."

"விழட்டும். ஒரு தடவை பாருங்."

"இருவது வருசமா விழாம நிக்குதுங்." அவர் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். "கட்டம் இல்லாதத எப்பிடிங் எழுதறது? ஜீரோன்னு போட்டுக்கலாம். உங்களுக்கும் பழக்கமாயிருச்சு."

இயந்திரம் சீட்டை அடித்தது. குளோரின் ஜீரோ. நான்கு வாளி. நான் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

திரும்பும்போது கடை கூடுதல் நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் நீல வாளிகள். நாற்காலிகள் நிறைய வந்திருந்தன. எல்லாவற்றிலும் ஆட்கள் மடியில் பாட்டிலோடு இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். "மொதல்ல உக்காருங், அப்பறம் போலாம்," என்றார் ஒருவர். நான் நிற்கவில்லை. வாசலின் வெளிச்சம் ஒரு நெற்றிப் பொட்டு அளவுக்குத் தெரிந்தது. அது கிட்ட வரவே இல்லை. பிறகு திடீரென்று சாலையில் நின்றேன்.

குளத்துக்கு வந்தபோது பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது.

"சீட்டு என்னங் மாஸ்டர்?" என்றது மோட்டார்.

"ஜீரோங்."

"அப்ப யாரும் எறங்கக் கூடாது. ஏறக் கூடாது. ஆரம்பிக்கறனுங்."

நான் சட்டையோடு குதித்தேன். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன், நீலம் கரையாமல் இருக்க.

மோட்டார் உறுமியது. தண்ணீர் ஆழமான பக்கத்துக்குச் சாய்ந்தது. அங்கே சுவரில் இரும்புக் கம்பி போட்ட ஒரு வாய் இருக்கிறது. வெள்ளை வேப்பிலை என்னைத் தாண்டிப் போனது. கம்பிக்கு நடுவில் நுழைந்து காணாமல் போனது.

"இழுக்குதுங்," என்றாள்.

"எங்க இருக்கறே?"

"இங்கீங்."

"இங்கன்னா எங்க?"

"உங்களுக்குப் பின்னால."

திரும்பினேன். இடது கையால் துழாவினேன். தண்ணீர்.

"வாணி!"

"இப்ப எடது பக்கம். கம்பிகிட்டப் போயிட்டனுங்."

"பேசிட்டே இரு."

"நான் எப்பவும் பேசிட்டுத்தானுங் இருக்கறேன். நீங்க பேசுங். ஒரே காலைல இத்தனவாட்டி நீங்க என்னையக் கூப்புட்டதே இல்ல."

"வாணி. வாணி. கோகிலவாணி."

"ஆங்."

தண்ணீர். தண்ணீர். என் கால் தரையிலிருந்து கிளம்பியது. என்னையும் இழுத்தது. கம்பியில் தோள் இடித்தது. தண்ணீர். பிறகு கையில் ஏதோ உருண்டையாக இடறியது. தண்ணீருக்கு எலும்பு கிடையாது. நான் மேலே தூக்கி வைத்திருந்த வலது கையை இறக்கி அதைப் பிடித்தேன். பலம் கொண்ட மட்டும் பிடித்தேன்.

மோட்டாரின் சுருதி மாறியது. பிறகு நின்றது. தண்ணீர் ஆடி ஓய்ந்தது.

"என்னமோ அடைக்குதுங் மாஸ்டர்," என்றார் அர்த்தநாரி.

"என்ற சம்சாரம்."

"தண்ணி மாதிரித்தானுங் தெரியுது."

நான் கையைத் தூக்கினேன். என் பிடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு விரலை மட்டும் மெதுவாக விலக்கினேன். விலக்கிய இடத்தில், காற்றில், ஒரு விரல் அகலத்துக்கு நீலக் கோடு நின்றது. வெளுக்கவில்லை. சரியான தண்ணீரில் சாயம் நிற்கும்.

"நெறம் இருக்குது பாருங்."

"நீலமுங்களா?"

"நேவி."

"நேவி நீலத்துல சேருமுங்களா?"

"சேருமுங்."

மோட்டார் அறைக்குள் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது.

"நெறமிருந்தாத் தண்ணியில்லீங். தண்ணியில்லாதது கம்பில மாட்டுனா அது அடைப்பு. அடைப்ப எடுத்துக் கரைல போட்டுருங். அதுக்குச் சீட்டு வேண்டியதில்லீங்."

நான் அடைப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

*

நான்காவது மாடி வரை படிகளில் இரண்டு பேருடைய ஈரக் காலடிகள். எதிரில் வந்த பெண் எனக்கு மட்டும் வணக்கம் சொன்னாள். காலடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு வணக்கம் சொன்னாள்.

வீட்டில் பருப்பு அடுப்பின் மேல் அப்படியே இருந்தது. கெடவில்லை.

சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிர்ச் சுவரில் எங்கள் கல்யாணப் படம் இருக்கிறது. கருப்பு வெள்ளைப் படம். அதனால் எந்த உதவியும் இல்லை.

"கைய விடுங்," என்றாள். "வலிக்குது."

"விட்டா நீ எங்கன்னு தெரியாது."

"எச்சாப் பிடிச்சிட்டீங்."

கொஞ்சம் தளர்த்தினேன். விடவில்லை. நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் காலால் ஒரு ஏனத்தை இழுத்து அடியில் வைத்தேன். சொட்டுகளின் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு இடைவெளியும் முந்தியதைவிட நீளமாக இருந்தது.

"ஏனுங்."

"ம்."

"இப்பவாச்சும் சும்மா இருக்காதீங். நீங்க சும்மா இருந்தா, நான் இருக்கறனான்னு எனக்கே சந்தேகமாப் போகுது."

நான் யோசித்தேன். நாற்காலியைப் பார்த்தேன். கண்ணை மூடினேன். பார்த்த நிறம் எனக்கு மறக்காது.

"சுடிதார்," என்றேன். "மெரூன். சிவப்பு மூணு பங்கு. நீலம் அரைப் பங்கு. மஞ்சள் ஒரு சிட்டிகை."

"மெரூன் இல்லீங். அரக்கு."

என் பதினெட்டு வருட வேலையில் யாரும் என்னை ஷேடில் திருத்தியதில்லை. நீண்ட நேரம் யோசித்தேன். அவள் சொன்னது சரி.

"அரக்கு," என்றேன். "மஞ்சள் இன்னொரு சிட்டிகை."

"ஆங். அடுத்தது?"

மணிக்கட்டை மாற்றிப் பிடித்தேன். உதட்டுக்கு என்னிடம் மாதிரித் துண்டு இல்லை. இருந்தாலும் சொல்லத் தொடங்கினேன்.